உள்ளே பத்து, வெளியே பதினாறு

ஜூன் 3, இரவு பதினொன்றே முக்கால்

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான், கொசு. நீ நலமா? அப்பா நலம், அம்மா நலம், நானும் நலம். நலமாக இல்லாத பொருள் எதுவும் இந்த வீட்டில் இல்லை.

நீ கிளம்பிய அன்று பஸ் நிலையத்துக்குக்கூட வராதவள் ஒரு மாதம் கழித்து எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். அன்றைக்கு எனக்குக் கோபம். உன் மேசையைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, 'இந்தக் கோட்டைத் தாண்டினால் காலை ஒடிப்பேன்' என்று எழுதிவிட்டுப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? இப்போது கோபம் இல்லை. கோபப்படும் நிலையில் நான் இல்லை.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது என் முழங்கால். உன் தீவில் போன் எடுக்காது, கடிதம்கூட வாரம் ஒரு படகில்தான், வியாழன் போய்ச் சனி திரும்பும் என்று அம்மா சொன்னாள். அதனால் சீக்கிரம் விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் என்னுடையது இல்லை. என் வகுப்பில் நெட்டை இருக்கிறாளே, அவளுடைய அண்ணனுடையது. அவனும் உன்னை மாதிரியே, கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிக்க விசிறி போதாது என்று உள்ளே பம்ப், சின்னத் தொட்டி, ட்யூப், ரேடியேட்டர் எல்லாம் வைத்துத் தண்ணீர் ஓடவிடுகிறவன். இப்போது வெளியூரில் இருக்கிறான். அவன் இல்லாதபோது நெட்டை அந்தப் பெட்டியை லேசாகத் திருப்பியிருக்கிறாள். லேசாக என்பது அவள் சொன்னது. நான் பார்க்கவில்லை. மறுநாள் பெட்டிக்குக் கீழே ஒரு சொட்டு. அதற்கு மறுநாள் நான்கைந்து.

இரு, அப்பா இருமுகிறார்.

படுத்துவிட்டார். நெட்டை கேட்கச் சொன்னாள்: அது வெடிக்குமா? எந்த ட்யூப், எந்த ஃபிட்டிங் வாங்கி மாட்ட வேண்டும்? அவள் அண்ணன் இருபத்தேழாம் தேதி வருகிறான். (நீ விடுப்பில் வருவதும் அன்றைக்குத்தான், பார், என்ன பொருத்தம்.) அதற்குள் சரிசெய்யாவிட்டால், ஒரு மூத்த பிறவி என்ற முறையில் நீ சொல், அவன் அவளை என்ன செய்வான்?

அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்குவதில்லை. பாவமாக இருக்கிறது.

அன்புடன்,
கொசு

&nbsp;

ஜூன் 5

கொசு,

உன் கடிதம் வந்தது. என் தங்கை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள், அதுவும் இன்னொருத்திக்காக! கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். இங்கே நாங்கள் நான்கு பேர். காற்று எந்தப் பக்கம் என்று எழுதுவதும் சாப்பிடுவதும்தான் வேலை. ஃபிட்டிங் பற்றி ஒரு மணி நேரம் எங்கள் வானிலை நிலையத் தலைவரிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ என் பாத்ரூம் குழாயும் ஒழுகுதும்மா, கொஞ்சம் பாத்துடு" என்றார். பார்த்துக் கொடுத்தேன். அந்த அளவுக்கு இங்கே பேச்சுத் துணை.

நெட்டையிடம் சொல். அது வெடிக்காது. முதலில் சுவிட்சை அணைத்து வயரைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். ஒரு பெரிய சிரிஞ்சை வைத்துத் தொட்டியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம்தான் ட்யூபில் கை.

ஃபிட்டிங் என்பது ட்யூபும் பெட்டியின் உறுப்பும் கைகுலுக்கும் இடம். ஒரு வகையில் மூக்கு முழுக்கப் பல் பல்லாக இருக்கும். ட்யூபை அதன்மேல் ஏற்றி கிளிப் போட வேண்டும். மலிவு, உறுதி, அசிங்கம். அடுத்தது நட்டு வைத்தது. மூக்கில் ட்யூபை ஏற்றி, மேலே நட்டைத் திருகினால் ட்யூபின் கழுத்தைச் சுற்றிலும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்ளும். என்னுடையது அது. மூன்றாவது, கண்ணாடி மாதிரி விறைத்த ட்யூபுக்கு உரியது. அந்த ட்யூபைச் சூடுகாட்டி வளைக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் தவறினால் மறுபடி முதலிலிருந்து. அதை வாங்குகிறவர்கள் வாழ்க்கையில் வேறு கவலை இல்லாதவர்கள்.

அவன் பெட்டியில் எது இருக்கிறது? ட்யூபின் அளவு என்ன? தண்ணீர் என்ன நிறம்?

அவன் அவளை என்ன செய்வான் என்று கேட்டாய். நானாக இருந்தால் என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் என் தங்கை கோட்டைத் தாண்டமாட்டாள். ஆனாலும் சொல்கிறேன். முதலில் காது. அப்புறம் மறு காது.

அக்கா

&nbsp;

ஜூன் 10, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதை நெட்டையிடம் அப்படியே படித்துக் காட்டினேன். காது பற்றிய பகுதியில் மட்டும் அவளுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

நட்டு வைத்த வகைதான். மொத்தம் ஆறு ஃபிட்டிங், மூன்று ட்யூப். தண்ணீர் பச்சை. நல்ல கரும்பச்சை. நீலம் இல்லவே இல்லை.

சிரிஞ்ச் கிடைத்தது. நெட்டையின் அம்மாவும் நம் அம்மா மாதிரியே பல் டாக்டரிடம்தான் உதவியாளராக இருக்கிறாளாம். என்ன ஒற்றுமை பார். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சாக ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, தண்ணீரை உறிஞ்சிவிட்டு, கழுவித் திரும்ப வைத்தாள். மறுநாள் அம்மா கேட்டாள், "ஏன்டி, துண்டெல்லாம் ஈரமா இருக்கு?"

"தலைக்குக் குளிச்சேன்மா."

"மூணு தடவையா?"

இது நெட்டை வீட்டில் நடந்தது. அவள் அம்மா அவளைக் கேட்டது. படிக்கும்போது குழம்பிவிடாதே.

ஒரு ட்யூபை மேல்பக்கம் மட்டும் கழற்றி, ஜியோமெட்ரி பெட்டியிலிருந்த ஸ்கேலால் அளந்தாள். குறுக்கே பதினாறு மில்லிமீட்டர். ஓரமாக ஒரு துண்டு வெட்டிக்கொண்டு மீன்தொட்டிக் கடைக்குப் போனோம். அதாவது துணைக்கு நான். கடைக்காரர் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பதினாறுதான் பாப்பா. எத்தனை மீன் வச்சிருக்க?" என்றார். ஒன்றும் இல்லை என்றால் சந்தேகப்படுவாரே என்று நான்கு என்று சொல்லிவிட்டேன். "என்ன மீன்?" என்றார். "சின்னது" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெட்டையைப் பார்த்தார் என்று எழுத வந்தேன்.

அந்த ட்யூப் ஃபிட்டிங்கின் மூக்கில் சுலபமாக ஏறிவிட்டது. ரொம்பச் சுலபமாக. தொளதொள என்று ஆடியது, தாத்தா சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி. இறுக்கினால் சரியாகும் என்று அவள் அப்பாவின் ஸ்பேனரை எடுத்து ஒரு திருகு திருகினாள். கிர்ர் என்று ஒரு சத்தம். அடியிலிருந்து கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் நாக்கை நீட்டியது.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா அறைக்குள் வந்தார். "என்னடி சத்தம்?" என்றார். "ஜன்னல்பா" என்றாள். அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. ஓட்டுநர் பள்ளியில் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க பிரேக் மிதிக்கிற நம் அப்பாவுக்குப் பயம் வந்தால் வீட்டிலும் கால் போகுமே, அதே மாதிரி. எல்லா அப்பாக்களும் அப்படித்தான் போல.

அக்கா, இனி என்ன செய்வது? பதினேழு நாள்தான் இருக்கிறது. அவள் இரவெல்லாம் நாள் எண்ணுகிறாள்.

கொசு

&nbsp;

ஜூன் 12

கொசு,

ஸ்பேனரா? ஸ்பேனரா? இந்த வார்த்தையைப் படித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். நிலையத் தலைவர் புயல்தான் வந்துவிட்டது என்று கருவியைப் பார்க்க ஓடினார்.

நெட்டையிடம் சொல், இதைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்: கையால் மட்டும். இரண்டு விரலால் திருகி, நின்றதும் இன்னும் ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான். தண்ணீரைத் தடுப்பது இறுக்கம் இல்லை, அந்த ரப்பர் வளையம். இறுக்க இறுக்க அது நசுங்கிப் பிதுங்கி வெளியே வந்து அழும். இப்போது வந்திருக்கிறது. புது வளையம் மாற்ற வேண்டும். தொட்டி விரிசல் விடாமல் இருந்தது அவள் செய்த புண்ணியம்.

அளவு விஷயம். ட்யூபுக்கு ஓர் அளவு இல்லை, இரண்டு அளவு. உள்ளே எத்தனை, வெளியே எத்தனை. மூக்கு பார்ப்பது உள்ளளவை, நட்டு பார்ப்பது வெளியளவை. மீன்தொட்டி ட்யூப் வெளியே பதினாறாக இருந்தாலும் உள்ளே பன்னிரண்டு. அவன் ஃபிட்டிங்குக்கு வேண்டியது உள்ளே பத்து, வெளியே பதினாறு. அதனால்தான் தொளதொள. மீன்கள் மேல் கோபப்பட வேண்டாம்.

இதே பத்து உள்ளளவில் பதின்மூன்று வெளியளவும் உண்டு. சுவர் மெல்லியது, வளைத்தால் மடங்கும். சிலர் பதினாறு ட்யூபைப் பதின்மூன்று நட்டுக்குள் திணிக்கப் பார்ப்பார்கள். அவர்களை நான் கம்ப்யூட்டர் பக்கமே விடமாட்டேன். அது கழுதைக்கு வளையல் போடுகிற வேலை. எந்த நட்டின் விளிம்பிலும் எண் பொறித்திருக்கும். ஆறையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கச் சொல். ட்யூப் நுனி நேராக வெட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். ஒழுகல் எங்கிருந்து என்று அது சொல்லிவிடும்.

என் பெட்டியை உதாரணமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் அதில் ஆறும் ஆறு முத்து. என் கையால் பொறுக்கி மாட்டியவை. ஒரு வருஷம் ஓடினாலும் ஒரு துளி வராது.

நீ சாப்பிடுகிறாயா? நெட்டை சாப்பிடாததைக் கேட்கவில்லை. நீ?

அக்கா

&nbsp;

ஜூன் 17, இரவு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் சும்மா இருந்தேன். நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் நெட்டை அண்ணனின் பெட்டியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரி ஆறு நட்டையும் கழற்றிப் படித்தோம். ஐந்தில் '10/16' என்று இருந்தது. ஆறாவது, பம்ப் பக்கம் அடியில் ஒளிந்திருப்பது. அதில் எதையும் படிக்க முடியவில்லை, ஏனென்றால் அதைச் சுற்றி அரக்கு நிறத்தில் ஏதோ பூசியிருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரிந்தது. முகர்ந்து பார்த்தேன். நகப்பூச்சு.

உரித்த இடத்தில் '10/13' என்று இருந்தது.

அதிலிருந்த ட்யூபை இழுத்தால் கையோடு வந்துவிட்டது. அதன் நுனியைப் பிளேடால் சுற்றிலும் சீவியிருந்தார்கள், அக்கா. பென்சில் சீவுகிற மாதிரி. பதினாறைப் பதின்மூன்றாக ஆக்கியிருக்கிறார்கள். சீவிய இடத்தில் சுவர் காகிதம் மாதிரி இருந்தது. அசைக்காத வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். பெட்டியை லேசாகத் திருப்பினால்கூட, நான் முதல் கடிதத்திலேயே லேசாக என்றுதான் எழுதியிருந்தேன், நழுவிவிடும்.

நெட்டை அண்ணன் இப்படிப்பட்டவனாக இருப்பான் என்று நான் நினைக்கவில்லை. ஊரெல்லாம் அவனைப் புத்திசாலி என்கிறார்கள்.

கழுதை பற்றி நீ எழுதியிருந்ததை அவனுக்கு அனுப்பலாமா?

இன்னொன்று. இதற்குச் சம்பந்தமில்லாதது. நீ கிளம்பிய அன்று காலையில் உன் அரக்கு நிற நகப்பூச்சு தீர்ந்து போயிருந்தது என்று நீ என் முதுகில் ஒன்று வைத்தாய். நான் எடுக்கவில்லை என்று எத்தனையோ சொன்னேன். சும்மா ஞாபகம் வந்தது.

பயத்துடனும் மரியாதையுடனும்,
கொசு

&nbsp;

ஜூன் 19

என் கொசுவுக்கு,

மூன்று தாள் கிழித்தேன். இது நான்காவது.

நெட்டைக்கு அண்ணன் கிடையாது. 'எனக்கு மட்டும் ஏன் யாரும் இல்ல?' என்று போன வருஷம் நம் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவள் அவள். தவிர, உன் முதல் கடிதத்தின் கீழ் மூலையில் நீலமாக ஒரு வட்டம் இருந்தது. பேனா மை அப்படி மினுங்காது. பச்சையாம், கரும்பச்சையாம்! முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், நீ இன்னும் எத்தனை தூரம் போவாய் என்று பார்க்க ஆசை. இரண்டாவது காரணம், நிறுத்தினால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய்.

இப்போது கழுதையின் வாக்குமூலம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ட்யூப் எல்லாம் மாற்றினேன். ஆறு நட்டில் ஒன்று உருண்டு எங்கோ போய்விட்டது. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு அடியில், அப்பாவின் செருப்புக்குள் எல்லாம் தேடினேன். கடை மூடியிருந்தது. காலையில் பஸ். பழைய செட்டில் ஒரு பதின்மூன்று இருந்தது. சீவினேன். பூசினேன். அரை மணி நேரம் ஓடவிட்டேன், ஒழுகவில்லை. உடனே என்னையே நான் பாராட்டிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் மஞ்சள் டேப். உன் கால் பட்டால் அழுக்காகும் என்று இல்லை. யார் அசைத்தாலும் சொட்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே வந்ததும் அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். போன வாரம் 'ஆறும் முத்து' என்று எழுதினேனே, அப்போது எனக்கு அந்த நட்டு ஞாபகமே வரவில்லை. மனசு எவ்வளவு நல்ல வக்கீல் பார்.

நகப்பூச்சுக்காக முதுகில் வைத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வந்ததும் நீ வைக்கலாம். ஒன்று மட்டும்.

இனிப் பொய் வேண்டாம். ஆறு புது ஃபிட்டிங், எல்லாம் ஒரே அளவு, ஒன்றரை மீட்டர் ட்யூப், புதுத் தண்ணீர் ஒரு பாட்டில். என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு கறுப்புப் பிளக் இருக்கிறது. அதைச் செருகினால் கம்ப்யூட்டர் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும். எல்லா மூட்டுக்கும் கீழே டிஷ்யூ வைத்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார். மற்றதை இருபத்தேழாம் தேதி நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ட்யூப் எது என்பதை நீயே முடிவு செய். தெளிந்தது வாங்கினால் நீலம் ஓடுவது தெரியும், அழகு. ஆனால் சில மாதத்தில் மங்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். கறுப்பு ரப்பர் வாங்கினால் வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாது, வளைத்தாலும் இழுத்தாலும் கோபிக்காது. ஆனால் உள்ளே என்ன ஓடுகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பம்ப் ஓடாமல் அவ்வளவு சொட்டாது. பாஸ்வேர்ட் உனக்குத் தெரியாது, விளையாடவும் முடியாது. அப்புறம் எதற்கு அதை ஓடவிட்டாய்? எதற்குத் திருப்பினாய்?

அக்கா

&nbsp;

ஜூன் 24, இரவு

அக்கா,

நீ கேட்டதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன். முதலில் கடை.

பஸ் ஏறித் தனியாகப் போனேன். கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அண்ணனைக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

"அண்ணன் கிடையாதுங்க."

"அப்போ எழுதிக் குடுத்த சீட்டு?"

"சீட்டும் கிடையாதுங்க. உள்ள பத்து, வெளிய பதினாறு, நட்டு வச்ச ஃபிட்டிங் ஆறு. ஆறுலயும் நம்பரை நான் படிச்சுப் பாக்கணும்."

அவர் நிமிர்ந்தார். தங்க நிறத்தில் மினுமினுக்கிற ஃபிட்டிங்கையும் விறைத்த ட்யூபையும் எடுத்துப் போட்டு, "இப்பல்லாம் இதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க" என்றார். "அதை வாங்கறவங்களுக்கு வேற கவலை இல்லைங்க, எனக்கு இருக்கு" என்றேன். சிரித்துவிட்டு உட்கார ஸ்டூல் போட்டார். ஆறு நட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ஒன்றில் கீறல் இருந்தது, மாற்றிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தான் வாங்கியதையும் கொடுத்து, "இதையும் பாத்துச் சொல்லும்மா" என்றார். அவர் வாங்கியிருந்தது கலந்திருந்தது, அக்கா! நான்கு பதினாறு, இரண்டு பதின்மூன்று. கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

ட்யூப் மேசைமேல் இரண்டும் இருந்தன. தெளிந்ததைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் கறுப்பைக் கேட்டேன்.

நேராக வெட்டினேன். நுனியை வெந்நீரில் முக்கி மூக்கில் ஏற்றினேன். விரலால் மட்டும் திருகினேன். ஸ்பேனரை அப்பாவின் கார் டிக்கியிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். டிஷ்யூ வைத்துப் பம்பை ஓடவிட்டு, பள்ளிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மாலையில் ஒரு டிஷ்யூ நனைந்திருந்தது. "ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடிவந்தாள். என் தோளுக்கு மேல் அப்பாவின் முகம், இப்போதுதான் முகம் கழுவிய ஈரத்தோடு. அவர் மோவாயிலிருந்து அடுத்த சொட்டு டிஷ்யூமேல் விழுந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றாள் அம்மா. சிரிஞ்ச், துண்டு எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா, "இது ரேடியேட்டரு, இது பம்பு. அப்போ நம்ம வண்டி மாதிரிதானே?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு பிரேக் மிதித்தார். ஒரு நாள் முழுக்க ஓடிவிட்டது, அக்கா. மிச்ச ஐந்து டிஷ்யூவும் காய்ந்தே இருக்கின்றன.

இப்போது உன் கேள்வி.

நீ போன பிறகு இந்த அறை ரொம்ப இருட்டாக இருக்கிறது. ஒன்பதாவது படிக்கிறவள் விளக்குப் போட்டுக்கொண்டு தூங்கினால் அம்மா சிரிப்பாள். முதல் வாரம் கண்ணை மூடாமலே விடிந்தது. ஒரு நாள் உன் பெட்டியின் சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். பாஸ்வேர்ட் கேட்டுவிட்டு அப்படியே நின்றது, ஆனால் பம்ப் ஓடியது. ட்யூபுக்குள் நீலமாக வெளிச்சம் நகர்ந்தது. யாரோ பக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். கட்டிலிலிருந்து பார்க்கத் தோதாக அதைத் திருப்பி வைத்தேன். தினமும் காலையில் பழையபடி வைத்துவிடுவேன். இருபது தடவை திருப்பியிருப்பேன். லேசாகத்தான்.

அதனால்தான் கறுப்பை வாங்க அவ்வளவு நேரம் ஆயிற்று. நீ சனிக்கிழமை வருகிறாய். வந்ததும் நீயே ஓடவிடு. நான் தொடமாட்டேன்.

கொசு

&nbsp;

ஜூன் 26

கொசு,

படகுக்காரர் கீழே நின்று கத்துகிறார், ஒரு நாள் முன்னதாகவே கிளம்புகிறார். இரண்டு நிமிஷம்தான்.

நான் வரவில்லை. இங்கே புயல் வருகிறது. எச்சரிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டதே நான்தான், அது முதலில் ரத்து செய்தது என் விடுப்பை. மணிக்கு ஒரு தடவை அளவெடுக்க ஆள் வேண்டும். கட்டடம் கல் கட்டடம், கவலை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். அப்பாவிடம் எதுவும் சொல்லாதே, கால் வலிக்கும்.

நீயே ஓடவிடு. கறுப்புப் பிளக்கை எடுத்துவிட்டுப் பழைய வயரைச் செருகு, சுவிட்சைப் போடு. பெட்டியின் முகப்பில் சூடு எத்தனை டிகிரி என்று எண் வரும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அந்த எண்ணைப் பார்த்து எனக்கு எழுது. நாற்பதுக்குக் கீழே என்றால் நீ ஜெயித்தாய். அறுபதைத் தாண்டினால் உடனே அணைத்துவிடு. மறக்காதே, ஒரு மணி நேரம். அந்த எண் தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

பாஸ்வேர்ட் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. பார்த்துவிட்டு என்னைத் திட்டாதே, உன்னைப் பற்றியதுதான்.

கத்துகிறார். போகிறேன்.

அக்கா

&nbsp;

ஜூன் 28, காலை ஏழரை

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மேசையில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படகு எப்போது போகுமோ, போகும்போது இது முதலில் போக வேண்டும்.

உன் கடிதத்தைச் சனிக்கிழமை மாலை படித்தோம். அம்மா ரேடியோவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்றாய், அவர் என் தோளுக்கு மேல் நின்றேதான் படித்தார். இரவு சாப்பிடும்போது இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருந்தார்.

பாஸ்வேர்டையும் பார்த்தேன். 'கொசுக்கடி' என்று யாராவது வைப்பார்களா?

ஒன்பது மணிக்கு நான் வயரைச் செருகினேன். அம்மா வாசலில் நின்றாள், அப்பா அம்மாவுக்குப் பின்னால் நின்றார். சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் களக் களக் என்று காற்றுக் குமிழிகள் போயின, அப்புறம் அமைதியாகிவிட்டது. ஆறு மூட்டையும் விரலால் தடவினேன். காய்ந்திருந்தது. அப்பா, "சூப்பர்மா" என்றார். எனக்கு வந்த அழுகையை இருமல் மாதிரி மாற்றிவிட்டேன்.

அவர்கள் படுக்கப் போனார்கள். நான் பத்து மணிக்கு எண்ணைப் பார்க்கலாம் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ட்யூபெல்லாம் கறுப்பு, ஒன்றுமே தெரியவில்லை. தொட்டியில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீலம். வெளியே நம் தெருவிலும் காற்று அடித்தது. இங்கேயே இப்படி என்றால் அங்கே எப்படி என்று நினைத்தேன். நீ மணிக்கு ஒரு தடவை எழுந்து அளவெடுத்துக்கொண்டிருப்பாய், அப்போது நானும் முழித்திருந்தால் உனக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்தேன். பம்ப் சத்தத்தை எண்ண ஆரம்பித்தேன்.

இப்போது எழுந்து பார்த்தேன், முப்பத்தாறு காட்டுகிறது. ஆனால் இது காலை எண். நீ கேட்டது ஒரு மணி நேரம் ஆனபோது எத்தனை என்று. மன்னித்துக்கொள், அது எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு நான் தூங்கிப் போயிருந்தேன்.

கொசு